மாயர் நகரத்தில் பசி

கை வைக்கக் கூடாது என்று முதலாளி வெள்ளியங்கிரி சார் சொல்லிவிட்டுப் போயிருந்தார், அதனால் பரிமளா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிஜமாகவே கட்டிக்கொண்டு; சும்மா விட்டால் அது தானாக மவுஸ் பக்கம் நகர்ந்துவிடும், அந்தக் கைக்குச் சொல்பேச்சுக் கேட்கிற பழக்கமே கிடையாது. ஸ்கிரீனில் எட்டு சனங்கள் எட்டு மூலையில் குடிசை போட்டு ஆட்டத்தைத் தொடங்கியிருந்தார்கள். சோழர், ரோமர், சீனர், எகிப்தியர், இன்னும் மூன்று பேர், கடைசியாகக் கீழே மத்திய அமெரிக்கக் காட்டுக்குள் அவளுடைய மாயர். ஆட மனுசர் யாருமில்லை. கம்ப்யூட்டரே எட்டுப் பேருக்காகவும் ஆடிக்கொள்ளும். அது ஆடுவதை ஒருத்தி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அதற்கு மாசம் பிறந்தால் சம்பளமும் வந்துவிடும், அப்பன் கேட்டால் நெஞ்சில் அடித்துக்கொள்வார். பதினோரு மணி டீயின் சூடு இன்னும் நாக்கில் இருந்தது. கீழே பேக்கரியில் தேங்காய் பன் வேகும் வாசம் படியேறி வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றது. பீளமேட்டில் இதைவிட நல்ல இடத்தில் ஆபீஸ் வைத்திருக்க முடியாது என்று அவளுக்கு எப்போதும் ஒரு நினைப்பு உண்டு. பயமும் இருந்தது, இல்லாமலில்லை, ஒரு ஓரமாக. இன்றைக்கு இந்த டெஸ்ட் முடியும்வரை மாயர் நகரம் விழாமல் நின்றுவிட்டால் விளையாட்டில் மாயர் இருப்பார்கள், அவள் எழுதியபடியே இருப்பார்கள். பட்டினியில் விழுந்துவிட்டால், போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் விழுந்த மாதிரி, பலி பட்டனை வைத்துக்கொண்டு இருக்க வேண்டும், அல்லது இந்த ரிலீஸில் மாயரே கிடையாது. சாப்பாட்டு நேரத்துக்கு சார் வந்து பார்ப்பார். அதுவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு இரு தாயி, என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

குடிசைகள் பெருகின. காட்டுக்குள்ளிருந்து ஆள்கள் மான் கொண்டுவந்தார்கள், கொடுக்கில்லாத தேனீக்கூட்டில் தேன் எடுத்தார்கள், ஆற்றில் மீன். நல்லா இருங்க சாமி, தின்னுங்க. ஆரம்பத்தில் எப்போதும் இப்படித்தான், காடு சோறு போடும், யாரும் பசிக்கிறது என்று சொல்வதில்லை. ஊர் பெருத்த பிறகுதான் வயல் சோறு போட வேண்டும், அங்கேதான் இழவு விழுகிறது. வயல் என்றால் மக்காச்சோளம். மக்காச்சோள மாவைப் பிசைந்துதான் சாமி மனுசனைப் பண்ணினார் என்று நம்பின சனங்கள் அவர்கள். பரிமளாவுக்கு முதன்முதலில் அதைப் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. பல்லடத்தில் அவள் அப்பன் கோழிப்பண்ணை வைத்திருந்தார், மக்காச்சோளம் மூட்டை மூட்டையாக லாரியில் வந்து இறங்கும், அதன் புழுதி மூக்கில் ஏறித் தும்மிக்கொண்டே பள்ளிக்கூடம் போவாள். கோழித் தீவனத்தில் மனுசனைப் பண்ணினாராம் ஒரு சாமி! அப்புறம் சிரிப்பு நின்று, அதை ஒரு தடவையாவது அவர்கள் பக்குவத்தில் தின்று பார்க்காமல் அவர்களுக்கு ஊர் கட்டுவது என்ன நியாயம் என்று தோன்றிப்போனது. அவர்கள் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறப்போட்டு, தோலைக் கசக்கிக் கழுவி, கல்லில் அரைப்பார்கள். சுண்ணாம்புக்கு எங்கே போவது, வெற்றிலைக் கடையில்தான். கடைக்காரர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார், வெத்தல எத்தனைங்க? வெத்தல வேண்டாங்க, சுண்ணாம்பு மட்டும். அந்த ஆள் அவளை ஏற இறங்கப் பார்த்த பார்வை! ஊறின சோளத்தை வீட்டு கிரைண்டரில் போட்டாள், கோயமுத்தூரில் கல்லுக்கா பஞ்சம். ஈரச் சுவரும் புதுச் சாக்கும் கலந்த மாதிரி ஒரு வாசம் வீடு பூராவும். புருசன் தனபால் ஃபவுண்டரியிலிருந்து வந்து வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினான். ஏம்புள்ள, வெள்ளையடிக்க ஆள் வந்துட்டுப் போனாங்களா? இல்லீங்க, ராத்திரிக்கு ரொட்டி. எதுல? மக்காச்சோளத்துல. அவன் செருப்பைக் கூடக் கழற்றாமல் அப்படியே நின்றான். கட்டிக்கிட்ட நாளா ஒம்பட அப்பன் பண்ணைக் கோழியாட்டந்தான் என்னைப் பாத்தே, சரி, தீவனமும் வச்சாச்சு. சொல்லிவிட்டு நாலு தின்றான். தக்காளியும் பச்சை மிளகாயும் வதக்கி வைத்திருந்தாள், அதுவும் அந்த ஊர்ச் சரக்குத்தானே. அஞ்சாவதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் தட்டைத் திரும்ப நீட்டினான். நினைத்தால் இப்போதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, கம்ப்யூட்டரைப் பார்த்துத் தனியாகச் சிரிக்கிறாள் என்று பக்கத்து மேசையில் ஷாகுல் திரும்பிப் பார்த்தான்.

ஷாகுல்தான் புரோகிராம் எழுதுகிறவன். கரும்புக்கடை ஏரியாப் பையன் என்று சார் இன்னும் சொல்வார், அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள் ஆகிவிட்டன. பலி பட்டனையும் அவன்தான் செய்து வைத்திருக்கிறான், சார் சொல்லி. சிவப்புப் பட்டன். போரில் பிடித்த கைதி ஒருத்தனைப் பிரமிடு உச்சிக்கு ஏற்றி அதை அழுத்தினால் களஞ்சியம் நிறைந்துவிடும், பசி தீர்ந்துவிடும். இன்னும் யாருக்கும் அது தெரியாதபடி மூடி வைத்திருக்கிறது. அதைப் பற்றி சாரோடு நடந்த பேச்சை நினைத்தால் பரிமளாவுக்கு இன்னும் காது சூடாகிறது. பாருங்க பரிமளா, என்றார் சார், மாயான்னா சனங்க எதை எதிர்பார்ப்பாங்க? பிரமிடு. நெஞ்சைக் கிழிக்கறது. பிரமிடு இருக்குது, மத்தது எங்கங்க? அவள் சொன்னாள், சோழருக்கு அப்பிடியொரு பட்டன் வச்சமுங்களா சார்? எதிரி ஊரைக் கொளுத்தறதுக்கு? ஏன், நம்ம ராசாக்க கொளுத்தாததா? கல்வெட்டுலயே பெருமையா வெட்டி வச்சிருக்காங்கல்ல. அது வேறைங்க, என்றார் அவர். என்ன வேறைங்க? அவர் பேனாவை மூடித் திறந்தார். நல்ல மனுசன், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மில்லுகளுக்குக் கணக்கு சாஃப்ட்வேர் விற்றுக்கொண்டிருந்த ஆள், ஐம்பது வயசுக்கு மேல் எல்லாத்தையும் விட்டுவிட்டு வரலாற்று விளையாட்டுப் பண்ணுகிறேன் என்று இறங்கினார், சொந்தக்காரர்கள் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். ஆனாலும் அன்றைக்கு அவளுக்குக் கோபம்தான் வந்தது. நமக்கென்றால் கோயில், ஏரி, கப்பல், யானை. அவர்களுக்கென்றால் கத்தி ஒன்றுதானா? ரத்தமே இல்லாத சனங்கள் என்று அவள் ஒன்றும் பொய் சொல்லவில்லை. விளையாட்டில் பூசாரிகளைப் பற்றிய பக்கத்தில் எல்லாம் எழுதித்தான் வைத்திருக்கிறாள், பலி உண்டு, ராஜாவும் ராணியும் தங்கள் நாக்கைத் தாங்களே குத்திச் சாமிக்கு ரத்தம் கொடுத்ததும் உண்டு. படிக்கிறவன் படிக்கட்டும். ஆனால் பட்டன் என்பது வேறு, பட்டனைக் குழந்தைகள் அழுத்துவார்கள், அழுத்தினால் சோறு வரும் என்று கை பழகிவிடும், அதற்கப்புறம் மாயர் என்றால் அந்தக் கைக்கு அது ஒன்றுதான் ஞாபகம் இருக்கும். அப்படிச் சொன்னதும் சார் கொஞ்சம் யோசித்தார். யோசித்துவிட்டுச் சொன்னார், சரிங்க, பட்டன் இல்லாம அவங்க பொழைச்சுக் காட்டட்டும், நானே எடுத்தரச் சொல்றன். வெள்ளிக்கெழம டெஸ்ட்டு, ஆரும் கை வைக்கப்படாது.

பிழைத்துக் காட்டுங்க சாமி, என்று பரிமளா ஸ்கிரீனுக்குச் சொன்னாள். பிரமிடு எழும்பத் தொடங்கியிருந்தது, படிப்படியாக, வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சுடன். அதைப் பார்க்கிறபோது மனசு தன்னால் குளிர்ந்தது. அவள் போட்ட ஊர் இது. ஒவ்வொரு மூலையும் அவளுக்கு அத்துப்படி. மற்ற எல்லோரும் பத்துப் பத்தாக எண்ணும்போது இவர்கள் மட்டும் இருபது இருபதாக எண்ணுவார்கள், கையிலும் காலிலும் விரல் இருக்கும்போது பாதியோடு நிறுத்துவானேன். சந்தையில் காசுக்குப் பதில் கொக்கோக் கொட்டை. கோழி கிடையாது, வான்கோழி. சைவக்காரர்கள் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம், பூசணியும் பீன்ஸும் உண்டு என்று. சீத்தாப்பழ வகை உண்டு, கொய்யா உண்டு, பப்பாளி உண்டு. போன வருசம் சோழர் சந்தைக்குப் படம் வரைந்த பெண் வரமிளகாயைக் குவியல் குவியலாகக் கொட்டி வைத்திருந்தாள், பார்க்க அவ்வளவு அழகு. பரிமளாதான் சொன்னாள், ஏங்கண்ணு, மிளகாய் இந்த ஊருக்கு வந்து சேர இன்னும் எத்தனையோ காலம் இருக்குதே. அந்தப் பெண் திகைத்துப்போய், அப்ப சோழர் கொழம்புக்கு என்ன போட்டாங்க்கா, என்று கேட்டது. மிளகு. பாவம், குவியலைக் கருப்பாக்கினாள், கரிக்கடை மாதிரி ஆகிவிட்டது. நம்ம ஆள்களுக்கு நாம் தினம் தின்கிறது எல்லாம் ஆதியிலிருந்தே நம்முடையது என்று ஒரு எண்ணம். சோழர் விளையாட்டுதான் இந்த ஆபீஸின் தலைப்பிள்ளை, மற்ற எல்லாம் அதைக் காப்பி எடுத்து, பேரை மாற்றி, துணியை மாற்றிச் செய்வதுதான், நேரம் மிச்சம். ஊர், மதில், கிணறு, படை எல்லாம் ஒருமுறை எழுதியாயிற்று. சக்கரத்தைக் கழற்றத்தான் பரிமளா ரொம்ப மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இவர்கள் வண்டி ஓட்டவில்லை, இழுக்க மாடு குதிரை ஏது, சுமை எல்லாம் முதுகிலும் நெற்றியில் மாட்டின வாரிலும்தான் என்று சொல்லிச் சொல்லி... என்ன சொல்ல வந்தாள்? அது நழுவிப் போயிற்று. மாயர் நகரத்துக்கு மேல் ஒரு மஞ்சள் கிண்ணம் முளைத்திருந்தது. பசி.

ஓரமாக இருந்த பயம் எழுந்து நடு வீட்டில் உட்கார்ந்தது. இவ்வளவு சீக்கிரமா? போன தடவை பிரமிடு முடிந்த பிறகுதானே வந்தது? பயப்படாதே, மஞ்சள்தானே, சிவப்பானால்தான் ஆள் சாகும். ஒரு வயலுக்கு விளைச்சலை இரட்டிப்பாக்கி வைத்திருக்கிறாள், போன வாரம் அதையும் இரட்டிப்பாக்கினாள், பூமியில் எங்கேயும் விளையாத அளவுக்கு விளைய வேண்டும், அப்புறமும் எப்படி? மழையா? மழை சரியாகத்தான் பெய்கிறது. விதையா? விதை இருக்கிறது, அங்கே ஓரத்தில் கூடை தெரிகிறதே. வயல் நிறைய ஆள் நிற்கிறார்கள். நிற்கிறார்கள்தான், அதை ஷாகுலிடம் எப்போதோ கேட்டாளே, ஏன் இந்த ஆளுக சும்மாவே நிக்கறாங்கன்னு. கூட்டம் சாஸ்தியானா கம்ப்யூட்டரு அசைவைக் கொறைச்சுக்கும்க்கா, அதப் பாக்காதீங்க, என்றான். பார்க்கவில்லை, அவளும். கொஞ்சம் தின்று கொஞ்சம் பட்டினி கிடந்தால் விளைச்சல் குறைவு என்று சொல்லலாம், இது அப்படியில்லை, வயலிலிருந்து ஒரு மணி கூட வீட்டுக்கு வரவில்லை என்றுதான் படுகிறது. அப்படியென்றால் அவள் எழுதியதே தப்பா? புத்தகம் புத்தகமாகப் படித்து என்ன, ஒரு ஊருக்குச் சோறு போட வழி தெரியவில்லையே. சார் சொன்னதே சரியோ, பட்டன் இல்லாமல் இவர்களுக்குப் பிழைப்பு இல்லையோ. சே, வாயைக் கழுவு. கிண்ணம் இன்னும் மஞ்சள்தான். கம்ப்யூட்டர் அது பாட்டுக்கு ஒவ்வொரு ஊராகச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தது, ரோமரின் சாலை, சீனரின் மதில், இரண்டும் அவள் கண்ணில் பட்டும் படாமலும் போயின. அவளுக்கு அந்த நிற்கிற ஆள்கள்தான் கண்ணுக்குள். எங்கேயோ பார்த்த மாதிரி ஒரு நிற்பு. அன்னூரில் சின்ன மாமன் மகள் கல்யாணம், ஆமாம், அங்கேதான். தாலி கட்டி வைக்கிற அருமைக்காரர் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டார். பந்தல் இருக்கிறது, பொண்ணு இருக்கிறது, மாப்பிள்ளை இருக்கிறான், ஆயிரம் பேருக்கு ஆக்கி வைத்த சோறு இருக்கிறது, ஆனால் அவர் வராமல் எதையும் தொடக்கூடாது. எல்லோரும் எழுந்து வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பசியில் ஒரு கிழவர் மட்டும், அவரில்லாட்டி என்ன, நானே கட்டறன், என்று வேட்டியை மடித்துக் கட்டினார். அந்த நிற்பேதான் இது. இவர்கள் சும்மா நிற்கவில்லை. யாரையோ எதிர்பார்த்து நிற்கிறார்கள், எல்லோரும் இடது பக்கமே பார்த்துக்கொண்டு. யாரை?

அந்த நேரத்தில்தான் ஸ்கிரீன் சோழர் வயலுக்கு வந்தது. தண்ணீர் கட்டின வயல், ஓரத்தில் விதைக் கூடை, ஆள்கள் நிற்கிறார்கள். இடது பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பரிமளாவின் கை தானாக அவிழ்ந்தது. இடது பக்கமிருந்து கொம்பில் மஞ்சள் பூசின ஒரு ஜோடி மாடு ஏரை இழுத்துக்கொண்டு வந்தது, ஆள்கள் கும்பிட்டார்கள், மாடு ஒரு சுற்று உழுதது, அப்புறம்தான் எல்லோரும் குனிந்து விதைக்கத் தொடங்கினார்கள். நல்லேர் பூட்டுவது. சித்திரை மாசம் முதல் ஏர் பூட்டிச் சாமி கும்பிட்டுத்தான் விதை விழ வேண்டும், அது நம்ம வழக்கம், அதை விளையாட்டில் வைத்தே தீர வேண்டும் என்று சார் ஒற்றைக் காலில் நின்றார். எந்த மேடையில் ஏறினாலும் சொல்வார், எங்க கேம்ல ஏர் பூட்டாம ஒரு விதை மண்ணுல விழுகாதுங்க. சொல்கிறபோது அவருக்குக் குரல் கொஞ்சம் தழுதழுக்கும். அந்த வயலைத்தான் எல்லோருக்கும் காப்பி எடுத்தார்கள். எகிப்தியருக்கு மாடு உண்டு, சீனருக்கு உண்டு, ரோமருக்கு உண்டு, யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. மாயருக்கு மாடே கிடையாதே! அவர்கள் அந்தக் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விதையை வைத்துக்கொண்டு, மழையில் நனைந்துகொண்டு, தங்கள் தேசத்திலேயே இல்லாத மாட்டுக்காக நின்றுகொண்டே இருந்திருக்கிறார்கள். எத்தனை டெஸ்ட்டில், எத்தனை தலைமுறையாக. அட என் சாமிகளா, என்று அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள். விளைச்சலை இரட்டிப்பாக்கி இரட்டிப்பாக்கி என்ன, விதைத்தால்தானே விளையும். 

ஷாகுல், இங்க வா. நம்ம வயலுக்குள்ள மாடு இருக்குதா பாரு. எங்கக்கா? வயலுக்குள்ளப்பா, புரோகிராம்ல! அவன் நாற்காலியோடு உருண்டு வந்தான், அவளைப் பார்த்தான், ஸ்கிரீனைப் பார்த்தான், திரும்பத் தன் மேசைக்கு உருண்டு போய்த் தேடினான்.  அப்புறம், அல்லாவே, என்றான் மெதுவாக. இருக்குதுக்கா. ஏர் வந்தாத்தான் விதைப்பு. நாந்தான் எழுதியிருக்கறன். எல்லா வயலுக்கும் அதே. மாயருக்கு மட்டும் அந்த ஏரை எடுத்தர முடியுமா, என்றாள் பரிமளா. ஒரு வரிக்கா, ஆனா டெஸ்ட்ட நிறுத்தோணும், சாரு கை வைக்கப்படாதுன்னு... அவன் முடிக்கவில்லை. மாயர் கிண்ணம் சிவப்பாகிக்கொண்டிருந்தது. நிறுத்தக்கூடாது என்றால் கூடாதுதான், சார் கோபக்காரர், அழிச்சாட்டியம் பண்ணி ஜெயித்தாள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் மாயரும் போய் அவள் வாக்கும் போய்விடும். நிறுத்தாமல் விட்டால் இவர்கள் இன்னொரு தடவை மாட்டுக்காக நின்றே சாவார்கள், அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும், இந்தத் தடவை தெரிந்தே. பரிமளாவின் கை அவளைக் கேட்காமல் போய் நிறுத்திவிட்டது. எடுத்தர்றா, என்றாள், சார்கிட்ட நாஞ் சொல்லிக்கறன். அவன் அந்த வரியை மாற்றினான், மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார்கள், முன்னைவிட வேகமாக. குடிசை, மான், தேன், மீன். ஷாகுல் வேலையை விட்டுவிட்டு அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். வயலுக்குக் கூடையுடன் ஆள்கள் வந்தார்கள். நின்றார்கள்.  அப்புறம் முன்னால் நின்ற பெண் குனிந்து, கையிலிருந்த கூர்க் குச்சியால் மண்ணில் ஒரு குத்து, குழிக்குள் விதை, காலால் மண்ணைத் தள்ளி ஒரு மிதி, ஒரு எட்டு முன்னால். இடது கை இடுப்பில். அந்தக் கையைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது, அது அவள் கை. இந்த அசைவுக்கு ஆள் வேண்டும் என்று பார்க்கிங்கில் துடைப்பக் கட்டையைக் கொடுத்து அவளைத்தான் குனியச் சொல்லிப் படமெடுத்தார்கள், குனிந்தால் முதுகு பிடிக்கும், அதனால் கையை இடுப்பில் கொடுத்துக்கொள்வாள், அப்படியே விட்டுவிட்டார்கள். எடுத்து எத்தனையோ மாதமாயிற்று, விளையாட்டுக்குள் அது இன்றைக்குத்தான் முதல் தடவை நடக்கிறது. வயல் பூராவும் குத்தி, போட்டு, மிதித்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளே நகர்ந்துகொண்டிருந்தாள். அக்கா, இத்தன நாளும் இத நாம பாக்கவே இல்லீங்களே, என்றான் ஷாகுல். 

சோளம் பச்சையாக எழும்பியது, அதன் தண்டில் பீன்ஸ் கொடி ஏறியது, கீழே பூசணி படர்ந்தது, மூன்றையும் சேர்த்து விதைப்பதுதான் அவர்கள் வழக்கம். மஞ்சள் கிண்ணம் வந்தது, போய்விட்டது. பிரமிடு முடிந்தது. ரோமர் வந்து ஒரு மூலையைப் பிடுங்கிக்கொண்டார்கள், போகட்டும், மண் போனால் போகிறது, வயிறு நிறைந்திருக்கிறது. அப்போதுதான் படியில் வெள்ளியங்கிரி சாரின் செருப்புச் சத்தம். எங்க வரைக்கும் வந்துச்சுங்க, என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர், ஆட்டம் இன்னும் பாதியிலேயே இருப்பதைப் பார்த்து முகத்தைச் சுருக்கினார். என்னங்க இது, இந்நேரம் முடிஞ்சிருக்கோணுமே. நிறுத்திட்டு மறுக்கா ஓட விட்டமுங்க சார், என்றாள் பரிமளா. கை வைக்கப்படாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனில்லீங்களா? சொன்னீங்க சார். வச்சுட்டன். அவள் எழுந்து நின்றுதான் சொன்னாள், வயல், மாடு, நல்லேர், அந்த நிற்பு எல்லாம். சொல்லிக்கொண்டு வரும்போதே நல்லேர் என்ற இடத்தில் நாக்கு கொஞ்சம் தடுக்கியது, அது அவருடைய பெருமை, அதில் போய்க் கை வைக்கிறோமே என்று.  சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஸ்கிரீனுக்கு மிக அருகில் குனிந்தார். குச்சியும் காலுமாக விதைத்துக்கொண்டு போகிறவர்களை ரொம்ப நேரம் பார்த்தார். ஒண்ணு கூடவா இல்ல, அந்த ஊர்ல? ஒரு எருது? இல்லீங்க சார். ஒரு கழுதை கூட இல்லீங்க. அவர் இன்னும் குனிந்தபடியே இருந்தார். அப்ப இத்தன நாளா, என்றார், எம்பட மாட்டுக்காகவா இவங்க பட்டினி கெடந்தாங்க?  கீழே பேக்கரியில் தட்டு அடுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், கையைக் கட்டிக்கொண்டார். ஓடட்டும், கடைசி வரைக்கும் பாத்தர்லாம், என்றார்.

மூன்று பேரும் பார்த்தார்கள். பஞ்சம் ஒன்று வந்தது, களஞ்சியத்திலிருந்து எடுத்துத் தின்று தாண்டினார்கள். ஒரு தடவை சோழர் கப்பல் கரைக்கு வந்தது, பரிமளாவுக்கு யார் பக்கம் நிற்பதென்றே தெரியவில்லை, நல்லவேளை வியாபாரத்துக்குத்தான் வந்திருந்தது. கடைசியில் மணி அடித்து வரிசை வந்தது. மாயர் ஆறாவது. எட்டில் ஆறாவது, பரிமளா அதை இரண்டு தடவை படித்தாள், முதலாவது என்று எழுதியிருந்தால் கூட மனசு இவ்வளவு நிறைந்திருக்காது. சார் தொண்டையைச் செருமினார். ஆறாவதா வர்ற ஆளுகள வச்சு வெளம்பரம் பண்ண முடியாதுங்க பரிமளா. முடியாதுங்க சார், என்றாள் அவள், ஆனா பசியில ஆரும் சாகலைங்க. அவர் எழுந்து நாற்காலியை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். ஷாகுல், அந்தச் செவப்புப் பட்டனை எடுத்தரு, என்றார், மூடி வைக்காத, அழிச்சே போடு. சரிங்க சார். படிவரைக்கும் போனவர் திரும்பினார். அந்தக் குச்சி குத்தறது, அத மொத படமா வெளிய விடுங்க. இடுப்புல கை வச்சிருக்கற அந்தப் பொண்ணு நல்லா இருக்குது, ஆரு மாதிரியோ இருக்குது. ஷாகுல் வாயைப் பொத்திக்கொண்டான். பரிமளாவின் கைபேசி அந்த நேரம் பார்த்து அடித்தது. தனபால். ஃபவுண்டரியில் சாப்பாட்டு இடைவேளை போல, பின்னால் இரும்புச் சத்தம் கேட்டது. ஏம்புள்ள, சாப்ட்டியா? பரிமளா ஸ்கிரீனைப் பார்த்தாள். ஆட்டம் முடிந்தும் படம் ஓடிக்கொண்டேதான் இருந்தது, ஊர் முழுக்க அடுப்புப் புகை, வாசலுக்கு வாசல் ஆள்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"சாப்டறாங்க," என்றாள், சொன்ன கையோடு அழுதுவிட்டாள்.

"ஆரு?" என்றான் தனபால்.